மச்சானோடு நீர்ச்சறுக்குப் போட்டிக்குப் போகும் மெக்கானிக் தம்பிக்கு

தம்பிக்கு வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்குச் சேலம் குகைப் பகுதி. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அத்தை மகன் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். பைக் விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இப்போது அந்த நாட்டின் மாற்றுத்திறனாளிகள் நீர்ச்சறுக்கு அணியில் இருக்கிறார். அடுத்த கோடையில் ஐரோப்பாவில் வேறொரு நாட்டில் போட்டி. வழக்கமாகக் கூடப் போகிறவர் வர முடியாததால் உங்களை வரச் சொல்லியிருக்கிறார். "எனக்கு நீச்சல் அரைகுறை, இங்கிலீஷ் அதைவிட அரைகுறை, நர்ஸ் வேலையும் தெரியாது. நான் போய் என்ன செய்யப்போகிறேன், பாரமாகத்தானே இருப்பேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க. உங்கள் கேள்வியில் "ஒர்க்‌ஷாப்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் விவரம் தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். 16 வருஷம் இங்கிலாந்தில் தண்டுவட நோயாளிகளோடு வேலை. கோடைக்காலச் சனி ஞாயிறுகளில் லண்டனுக்கு மேற்கே ஹெரான் ஏரியில், டோனி எட்ஜ் பெயரில் இருக்கிற மையத்தில் தொண்டராக நின்றிருக்கிறேன். இரண்டு முறை அணியோடு வெளிநாடும் போய்வந்தேன். இப்போது அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு கிளினிக், ஏற்காட்டில் ஒரு வீடு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். மருத்துவ விஷயத்தில் உங்கள் மச்சானின் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இதுவே ஒர்க்‌ஷாப்பில் பிறந்த விளையாட்டு. 1922-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் பெபின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் படகுக்குப் பின்னால் பலகை கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். பீப்பாய்ப் பலகையில் முயன்றான், பனிச்சறுக்குப் பலகையில் முயன்றான், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அகலமான மரப்பலகை இரண்டை வாங்கி, முனையை வீட்டில் இருந்த செப்புப் பாத்திரத்தில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்தான். அது மிதந்தது. நூறு வருஷம் கழிந்தும் இந்த விளையாட்டில் பாதி நேரம் பலகையைத் திருகிக்கொண்டிருப்பதிலேயே போகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக வந்ததோடு சரி. பாராலிம்பிக்கிலும் கிடையாது. அதனால் பெரிய பணமும் இல்லை, பெரிய கூட்டமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது, 2019-ல் நார்வேயின் ஸ்கார்னஸில் நடந்தது. ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குச் சின்ன உலகம் அது. எதிரணிக்காரரே வந்து உங்களிடம் ஸ்பேனர் கேட்பார், கொடுங்கள்.

மூன்று வகைப் போட்டி: ஸ்லாலம், வித்தைகள், தாண்டல். வித்தையில் 20 வினாடி வீதம் இரண்டு முறை கொடுப்பார்கள். அதற்குள் பலகையைத் திருப்புவது, அலையின் மேல் எழும்பிச் சுழல்வது என்று எத்தனை முடியுமோ அத்தனை. தாண்டல் என்றால் சாய்தளத்தில் ஏறிப் பறப்பது. ஸ்லாலம்தான் எனக்குப் பிடித்தது, உங்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதில் கணக்கு இருக்கிறது. ஓடுபாதை 259 மீட்டர். நடுவே படகு நேர்க்கோட்டில் ஓடும், சறுக்குகிறவர் அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். இரு பக்கமும் மாறிமாறி ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. ஆறையும் சுற்றி வெளிவாசலைத் தாண்டினால் ஒரு சுற்று. அடுத்த சுற்றில் படகு மணிக்கு 3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். அவரவர் பிரிவுக்குரிய உச்ச வேகம் வந்துவிட்டால் அப்புறம் வேகத்தை ஏற்றமாட்டார்கள், கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று இறங்கும். கணக்கைக் கவனித்தீர்களா? 11.25-க்கு வந்துவிட்டால் கயிறு மிதவை வரை எட்டவே எட்டாது. மீதித் தூரத்தை ஆள் தன் உடம்பை நீட்டித்தான் எட்டியாக வேண்டும். நின்று சறுக்குகிறவருக்கு அதற்குக் காலும் இடுப்பும் இருக்கின்றன. உட்கார்ந்து சறுக்குகிறவருக்குத் தோளும் கையும், பலகையைச் சாய்க்கிற சூட்சுமமும்தான். எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று சோதித்துப் பிரிவு ஒதுக்குவதால், மச்சான் தன்னைப் போன்றவர்களோடுதான் மோதுவார்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். உட்கார்ந்து சறுக்கும் பலகையை சிட் ஸ்கி என்பார்கள். அகலமான பலகை, அதன்மேல் குழாய்ச் சட்டத்தில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் தொட்டில் மாதிரி வார் இருக்கை, முன்னால் பாதத்துக்கு ஒரு பட்டை. அடியில் பின்பக்கம் ஃபின் என்று ஒரு தகடு. மீனின் வால் செய்கிற வேலையை அது செய்கிறது. இதில் தளர்ந்துபோகாத இடம் எது என்று கேளுங்கள். கூண்டின் போல்ட் தளரும், வார் இழுபடும், வெல்க்ரோவில் மண் ஏறிப் பிடிமானம் போகும், ஃபின்னின் சின்ன ஆலன் திருகு கழன்று ஏரிக்கு அடியில் போய்விடும்.

ஃபின்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். அதை முன்னே பின்னே நகர்த்துவதும் ஆழம் கூட்டிக் குறைப்பதும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து நோட்டில் எழுதிவைப்பார்கள். அணியில் ஒருவர் அந்த நோட்டை மனைவியிடம்கூடக் காட்டமாட்டார். விமானத்தில் பலகை ஒரு இடி வாங்கினால் போதும், அந்த அளவு மாறிவிடும். ஆள் தண்ணீரில் இறங்கியதும் "இன்னிக்கு என்னமோ சரியில்லை" என்பார், ஏன் என்று அவருக்கே தெரியாது. நீங்கள் போய் இறங்கிய அன்றே செய்யவேண்டிய முதல் வேலை அந்த நோட்டை வாங்கி, வெர்னியரை எடுத்து, ஒவ்வொரு அளவையும் சரிபார்ப்பது. கிளம்பும் முன் நீங்களும் ஒருமுறை அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலை நேரம் இன்னும் கண்முன் நிற்கிறது. போட்டி ஏழரைக்கு. ஆறே கால் இருக்கும், ஏரியில் பனிமூட்டம். எங்கள் ஆள் கூண்டில் உட்கார்ந்து உடம்பை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடி ஆட்டினார், மறுபடி "டக்". பயிற்சியாளர் உட்பட நாலைந்து பேர் குனிந்து பார்த்தோம், எல்லா போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. பக்கத்து அணியோடு வந்திருந்த ஒரு தச்சர், எழுபது வயது இருக்கும், வந்து கூண்டின் அடியில் விரலை விட்டுத் தடவினார். பலகைக்குள் பதித்திருக்கிற மரை சுழல்கிறது, போல்ட் இறுகினாலும் மரை சேர்ந்து சுற்றுகிறது என்றார். எபாக்சிப் பசை போட நேரமில்லை. பெரிய வாஷர் இரண்டு, நைலாக் நட் ஒன்று, நீளமான போல்ட் ஒன்று, 12 நிமிஷம். எங்கள் ஆள் அன்று தன் வாழ்நாளின் சிறந்த கணக்கை எடுத்தார் என்று கதை முடிந்தால் நன்றாக இருக்கும். எடுக்கவில்லை, மூன்றாவது மிதவையில் விழுந்தார். ஆனால் கூண்டு பிய்ந்து விழவில்லை, அது போதும் எனக்கு.

அதனால் உங்கள் பெட்டியில் என்ன இருக்கவேண்டும் என்று தனியாக நான் சொல்லவேண்டியதில்லை. மெட்ரிக், அங்குலம் இரண்டு ஆலன் கீ செட்டும் வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும், ஏனென்றால் பலகை அமெரிக்காவிலிருந்தும் நாற்காலி ஐரோப்பாவிலிருந்தும் வந்திருக்கும். நாற்காலியின் முன் சக்கரத்தில் பெரும்பாலும் 608 பேரிங்தான், தலைமுடி சுற்றிச் சுற்றி அடைத்துக்கொள்ளும். கையில் நாலு பேரிங் இருக்கட்டும். பெரிய சக்கரம் பஞ்சர் ஒட்டுவது சைக்கிள் மாதிரியேதான். டூல்ஸ் எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். கைப்பையில் ஸ்பேனரோடு போய் சோதனையில் நின்றுவிடாதீர்கள்.

பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லவேண்டும். சொல்லும்போது சங்கேத எழுத்து ஒன்று கேட்பார்கள். படி ஏறமுடியும் ஆனால் தூரம் நடக்கமுடியாது என்றால் டபிள்யூ சி எச் ஆர். படி ஏறமுடியாது, சீட் வரை நடப்பார் என்றால் கடைசி எழுத்து எஸ். அறவே நடக்கமுடியாது என்றால் கடைசி எழுத்து சி. மச்சானுக்கு அந்தக் கடைசி 'சி'. இதைத் தப்பாகப் பதிந்துவிட்டால் விமான வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு "நாலடி நடந்துடுங்க சார்" என்பார்கள். உள்ளே போக ஒடுக்கமான வேறொரு நாற்காலி வரும். அவருடைய சொந்த நாற்காலியை விமான வாசல்வரை விடவே விடாதீர்கள், அங்கேதான் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்கும் முன் மெத்தை, பக்கப் பலகை, கழலக்கூடியது எல்லாவற்றையும் கழற்றி உள்ளே எடுத்துப்போய்விடுங்கள். நாலு பக்கமும் போட்டோ. ஒருமுறை எங்களுக்கு இறங்கிய இடத்தில் நாற்காலி வந்தது, ஒரு சக்கரம் அப்பளமாக நெளிந்திருந்தது. புகார் எழுதி மாற்று நாற்காலி வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அந்த மனிதருக்குக் கால் உடைந்த மாதிரிதான்.

மெத்தை என்றேன் அல்லவா, அதில் சேலத்துக்காரரான உங்களுக்கு நன்றாகப் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். தண்டுவடக்காரர்கள் உட்காரும் காற்று மெத்தையும் அப்படித்தான். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கிற காற்று விரிந்து மெத்தை கல்லாகும். பறக்கிற விமானத்துக்குள் அழுத்தம் ஏற்காட்டைவிடக் குறைவாகவே இருக்கும். உணர்வு இருக்கிற நமக்கு "என்னமோ உறுத்துது" என்று தெரியும், எழுந்து அசைந்து உட்காருவோம். அவருக்குத் தெரியாது. பயணம் முழுக்கக் கல்லில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மேலே போனதும் கொஞ்சம் காற்றை விடவேண்டும். கீழே இறங்கியதும் மறக்காமல் அடிக்கவேண்டும், இல்லையென்றால் மெத்தை தட்டையாகி எலும்பு நேரே சீட்டில் இடிக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உட்காரும் எலும்புக்கு அடியில் கையை நுழைத்து, அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அதை அவரே செய்வார், அல்லது உங்களைக் கேட்பார். பம்ப் கைப்பையில் இருக்கட்டும்.

தோல்தான் இவர்களுக்கு எல்லாமே. ஒரு சின்ன சிவப்புத் தடம் புண்ணாகி, அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டி என்ன, வேலையே போய்விடும். கூண்டு இறுக்கமாகப் பிடித்தால்தான் பலகை சொன்னபடி கேட்கும், இறுக்கமாகப் பிடித்தால் தோல் அழுந்தும். ஈரத்தில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் உரியும். ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து வந்ததும் உலர்ந்த உடை, பிறகு கண்ணாடி வைத்துப் பார்வை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவேண்டும். வெளுக்காவிட்டால், அல்லது அரை மணி நேரமாகியும் சிவப்பு போகாவிட்டால், அன்றைக்கு அந்த இடத்தில் பாரம் ஏறக்கூடாது. இதில் கூச்சத்துக்கு இடமில்லை. அவர் பார்க்கச் சொன்னால் பாருங்கள், பார்த்ததை உள்ளபடி சொல்லுங்கள். நாளைக்கு இறுதிச் சுற்று என்பதற்காக "ஒண்ணுமில்ல மச்சான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அதே கதைதான் சூட்டுக்கும் குளிருக்கும். ஐரோப்பியக் கோடை பல இடங்களில் நம் மார்கழிபோல் இருக்கும், ஏரித் தண்ணீர் அதைவிட மோசம். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. காற்றடிக்கும்போது ஈர உடையோடு படகுத்துறை மேடையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். சரி, குளிர்கிறதே என்று காலில் வெந்நீர்ப் பை வைக்கலாமா? கூடவே கூடாது. தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. மடியில் சூடான டீ கப் வைப்பதும் அப்படித்தான். போர்வை, தொப்பி, குடிக்கச் சூடாக ஏதாவது, இவ்வளவு போதும்.

அணியில் கழுத்துப் பக்கம் அடிபட்டவர்களும் இருப்பார்கள். மார்புக்கு நடுவே, டி-6 எலும்பு அளவிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்தாலோ, சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ, வார் எங்காவது நெரித்தாலோ, வலி தெரியாது, ஆனால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை, கீழே உடம்பு வெளுத்து ஜில்லென்று. படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமாக இருப்பதை எல்லாம் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதே நேரத்தில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். உங்கள் மச்சானுக்கு இடுப்பளவில் என்பதால் அவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் மேடையில் பக்கத்தில் நிற்பவர் நீங்களாக இருக்கலாம், தெரிந்திருக்கட்டும்.

மருந்து. இது ரொம்ப முக்கியம், வீட்டில் அம்மாவிடமும் சொல்லுங்கள். ஊக்கமருந்துப் பட்டியல் வருஷா வருஷம் மாறும். நரம்பு வலிக்குப் பலர் சாப்பிடுகிற டிரமடால் மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டி நேரத்தில் தடை. சளி மாத்திரை சிலவற்றிலும் வில்லங்கம் இருக்கிறது. நம் ஊர் லேகியம், சத்துமாவு, நாட்டு மருந்துக்கடைப் பொடி எதையும் "உடம்புக்கு நல்லது மச்சான்" என்று கொண்டுபோய் நீட்டாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களாலும் சொல்லமுடியாது, கடைக்காரராலும் முடியாது. மாட்டினால் அவருடைய வருஷங்கள் போய்விடும். உங்களுக்குத் தலைவலி வந்து வைத்திருக்கிற மாத்திரையைக்கூட அவர் கேட்டால் அணி மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்று. அத்தை கண்டிப்பாக மாம்பழம் கேட்டிருப்பார். சேலத்திலிருந்து போகிறவன் மாம்பழமில்லாமல் போவதா என்று உங்களுக்கும் தோன்றும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாம்பழம் கொண்டுபோகத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பால் பொருள், இறைச்சி இரண்டும் அறவே கூடாது. அதனால் மாம்பழப் பெட்டியையும் பால்கோவாவையும் மறந்துவிடுங்கள். தட்டுவடை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். செட் போட, அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியோடு துருவி வைக்க, அங்கே பீட்ரூட்டும் கேரட்டும் கிடைக்கும், நான் ஒரு தடவை ஏரிக்கரையில் செய்து கொடுத்தேன். நார்வேக்காரர் ஒருவர் ஏழு செட் சாப்பிட்டார்.

விசாவுக்கு அந்த நாட்டு விதியைப் பாருங்கள். ஷெங்கன் நாடாக (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றாக) இருந்தால் 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கேட்பார்கள். அணியின் அழைப்புக் கடிதத்தில் உங்கள் பெயர் உதவியாளர் என்று தெளிவாக இருக்கவேண்டும். செலவு யார் ஏற்பது என்பதைக் கிளம்பும் முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். இந்த விளையாட்டில் அணியில் இருப்பவர்களே கைக்காசு போட்டுத்தான் பெரும்பாலும் போகிறார்கள். சொந்தத்துக்குள் காசுப் பேச்சு கூச்சம்தான், ஆனால் திரும்பி வந்தபிறகு பேசுவதைவிட முன்னாடியே பேசுவது மேல்.

போட்டி அன்று மேடையில் என்ன நடக்கும்? உங்கள் மச்சான் நாற்காலியிலிருந்து கூண்டுக்கு மாறுவார். கை வலு இருப்பவர் தானே மாறுவார், நீங்கள் பலகையை அசையாமல் பிடித்தால் போதும். தூக்கவேண்டி வந்தால் எண்ணிக்கை அவர் வாயிலிருந்து வரவேண்டும். "ஒண்ணு ரெண்டு மூணு" என்று நாம் எண்ணித் தூக்குவது நோயாளியைத் தூக்குவது. தண்ணீரில் இறங்கியதும் பலகையின் மூக்கு மேலே நிற்கும், கயிறு இறுகும், அவர் "ஹிட் இட்" என்பார், படகு இழுக்கும். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். அதற்குமேல் அவர் உங்கள் பொறுப்பில்லை. படகோட்டி, படகில் இருக்கிற பார்வையாளர், பாதுகாப்புப் படகு என்று ஆள் இருக்கிறார்கள். விழுந்தால் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார், நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நீங்கள் குதிக்கக்கூடாது. அரைகுறை நீச்சல்காரர் குதித்தால் இரண்டு பேரை மீட்கவேண்டி வரும்.

ஆள் போனதும் நாற்காலி மிச்சம் இருக்கிறது பாருங்கள், அது உங்கள் பொறுப்பு. பிரேக் போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் கோடையில், ஆளை அனுப்பிவிட்டுக் கைதட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் "களக்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மேடையில் நாற்காலி இல்லை. காற்றுக்கு உருண்டு ஏரிக்குள் போய்விட்டது. அதைத் தூண்டில் மாதிரி கொக்கி போட்டு இழுத்து வெளியே எடுக்கும் வரை அந்த மனிதர் தண்ணீரிலேயே மிதந்துகொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை நிழலுக்குத் தள்ளி, அங்கே பிரேக் போட்டு, மெத்தையின்மேல் துண்டு போடுங்கள். கறுப்பு மெத்தை வெயிலில் தோசைக்கல்லாகும், சூடு அவருக்குத் தெரியாது என்றேன் இல்லையா. அப்புறம் அவர் எந்த இடத்தில் கரை ஏறுவார் என்று முன்கூட்டியே கேட்டு அங்கே நாற்காலியோடு நில்லுங்கள். கிளம்பிய மேடைக்கே திரும்புவார் என்று நிச்சயமில்லை.

பார்வையில்லாத சறுக்குவீரர்களும் அணியில் இருப்பார்கள். அவர்களுக்கு மிதவைக்குப் பதிலாக ஒலி. படகிலிருந்து கயிறு எவ்வளவு கோணத்துக்கு விரிகிறது என்று ஒரு கருவி அளந்து சத்தம் கொடுக்கும். போதிய கோணம் வந்ததும் ஒலி மாறும், அவர் திரும்புவார். அவர் சறுக்கும்போது கரையிலிருந்து விசிலடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏற்காடு கோடை விழாவில் படகுப் போட்டிக்குக் கத்துகிற மாதிரி அங்கே கத்தாதீர்கள். அவருக்கு வழிகாட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். மேடை முடிகிற இடம் எத்தனை அடியில் என்று வாயால் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் பிரச்சினை இல்லை. மச்சான் தமிழ் பேசுவார், மற்றவர்களோடு ஸ்பேனர் பேசும்.

கிளம்புவதற்குள் நீச்சலைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏதாவது ஒரு குளத்தில் பயிற்சியாளரிடம். மேட்டூர் அணைப் பக்கம் போய் நண்பன் படகில் கயிறு கட்டிப் பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அங்கே ஆழமும் தெரியாது, அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது, அனுமதியும் இல்லை. நீங்கள் சறுக்கப் போகவில்லை. ஆளோடு இருக்கிற சக்கர நாற்காலியைச் சரிவில் பின்பக்கமாக இறக்கப் பழகினால் அதுவே பெரிது.

அதற்கு ஏற்காட்டைவிட நல்ல இடம் கிடையாது. என் வீட்டுக்கு ஏறுகிற சாலையே நல்ல சரிவு. பழைய நாற்காலி ஒன்றும் காற்று மெத்தை ஒன்றும் அங்கே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் வந்துவிடுங்கள், மெத்தையை எடுத்து வருகிறேன். கீழே காற்றை அளவாக அடித்து நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், மேலே போய் மறுபடி உட்கார்ந்து பாருங்கள். வெர்னியரையும் கொண்டு வாங்க, என்னிடம் இருந்ததை யாரோ இரவல் வாங்கிப் போய் இன்னும் தரவில்லை.